வாளிக்கு ஒன்று, ஷவருக்கு ஒன்று: செந்தூல் வீட்டில் ஹீட்டர் மாற்றிய அனுபவம்

2025 செப்டம்பர் இரண்டாம் வாரம், கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டு மாடிக் குளியலறைச் சீலிங்கில் ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தது. முதல் நாள் ஐம்பது காசு அளவு. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டு அளவு. நான்காம் நாள் விடியற்காலை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள், “அப்பா, மேலேருந்து தண்ணி சொட்டுது” என்று கூப்பிட்டாள். தீபாவளிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

எங்கிருந்து சொட்டுகிறது என்று தேட வேண்டியதே இல்லை. அந்தச் சீலிங்குக்கு மேலே மரச்சட்டத்தில் உட்கார்ந்திருப்பது அப்பா வாங்கி வைத்த 15 கேலன் ஸ்டோரேஜ் ஹீட்டர், தொட்டியில் தண்ணீரைச் சூடாக்கித் தேக்கி வைக்கும் வகை. மாடியில் உள்ள இரண்டு குளியலறைகளுக்கும் அதுதான் சுடுநீர் தந்துகொண்டிருந்தது. வீட்டு மின்சாரம் பிரியும் டி.பி. பாக்ஸில் ஹீட்டர் சுவிட்சை இறக்கிவிட்டு, ஏணி வைத்துச் சீலிங் மூடியைத் தள்ளி டார்ச் அடித்துப் பார்த்தேன். தொட்டியின் அடிப்பக்கம் துருவேறி, வெல்டிங் ஓரமாகத் தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து உத்திரத்தில் அப்பாவின் பென்சில் எழுத்து: 12-3-2007. எதை மாட்டினாலும் மாட்டிய தேதியைப் பக்கத்தில் எழுதி வைப்பது அவர் பழக்கம். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

15 கேலன் என்றால் 68 லிட்டர். தண்ணீர் மட்டுமே 68 கிலோ, தொட்டியின் எடை வேறு. குளிக்கிறவர்கள் தலைக்கு நேர் மேலே, ஈரம் குடித்த மரத்தில் அவ்வளவு பாரம். அன்றைக்கே அந்தக் குளியலறையைப் பூட்டிவிட்டேன்.

சனிக்கிழமை மச்சானை வரச்சொல்லி இறக்கினோம். தொட்டிக்குப் போகும் தண்ணீரை மூட வேண்டிய வால்வு பல வருடமாகத் தொடாததால் இறுகிப்போயிருந்தது. அழுத்தித் திருகினால் குழாயே முறிந்துவிடும் என்று பயந்து, கூரைத் தொட்டியின் அடியில் உள்ள வால்வையே மூடினோம். ஹீட்டரின் குளிர்நீர்க் குழாயைக் கழற்றி ஹோஸ் மாட்டி, சுடுநீர்க் குழாய் ஒன்றைத் திறந்துவிட வேண்டும். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் வெளியே வரும். முதலில் தெளிவாக வந்தது, பிறகு தேத்தண்ணி நிறம், கடைசியில் துருச்செதில்.

காலியான தொட்டியைக் கார் நிறுத்தும் இடத்தில் வைத்துத் திறந்தேன். எதனால் ஓட்டை விழுந்தது என்று தெரியாமல் அடுத்ததை வாங்க எனக்கு மனமில்லை. இந்த மாதிரித் தொட்டி இரும்பால் ஆனது, உள்ளே கண்ணாடிப் பூச்சு இருக்கும். பூச்சில் எங்காவது மயிரிழை விரிசல் இருந்தாலும் இரும்பு துருப்பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்றைத் தொங்கவிடுகிறார்கள். ஆனோட் என்று சொல்வார்கள். மக்னீசியம் இரும்பைவிடச் சீக்கிரம் அரிபடும், அது இருக்கும்வரை இரும்பு தப்பிக்கும். எங்கள் தொட்டியில் மக்னீசியம் துளிகூட மிச்சமில்லை. நடுவில் இருக்கும் மெல்லிய கம்பி மட்டும் வெள்ளைப் பொருக்கோடு நின்றது. பதினெட்டு வருடத்தில் ஒரு முறைகூட அதை யாரும் மாற்றவில்லை. அப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. ஹீட்டிங் எலிமென்டில் உப்புப் படிவு பெரிதாக இல்லை. நம் ஊர்த் தண்ணீர் ஆற்றிலிருந்து வரும் மென்நீர், அதனால் சுண்ணாம்பு அவ்வளவாகக் கட்டாது. இங்கே தொட்டியைத் தின்பது துருதான். சில பத்து வெள்ளி (மலேசிய ரிங்கிட்) விலையுள்ள அந்தக் கம்பியை அவ்வப்போது மாற்றியிருந்தால் இந்தத் தொட்டி இன்னும் சில வருடம் ஓடியிருக்கும்.

அன்று மாலையே கடைக்குப் போயிருப்பேன். மனைவிதான் தடுத்தாள். “அதே சைஸ்ல இன்னொண்ணு வாங்கறதுக்கு முன்னாடி, இப்ப யாருங்க சுடுதண்ணியில குளிக்கிறா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. 2007-இல் வீட்டில் இருந்தவர்கள் வேறு, இன்று இருப்பவர்கள் வேறு. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஒரு வாரம் எல்லாரையும் எழுதச் சொன்னேன்: எத்தனை மணிக்குக் குளித்தீர்கள், வாளியா ஷவரா, சுடுநீர் வேண்டியிருந்ததா.

என்னைக் கேட்டால் ஹீட்டர் வாங்க நினைக்கும் எந்த வீடும் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். அந்தத் தாளில் நான் எதிர்பார்க்காத விஷயங்கள் இருந்தன. அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முட்டியிலும் வலி. இரண்டு வருடம் முன்பே கீழ் அறைக்கு வந்துவிட்டார். காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குளிப்பார், எப்போதும் வாளியில், எப்போதும் சுடுநீர். ஆனால் கீழ்க் குளியலறையில் ஹீட்டரே கிடையாது. தினமும் இரண்டு வேளை கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, சமையலறையிலிருந்து குளியலறைவரை அவரே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். நாங்கள் வேலையில் இருக்கும் நேரம். முட்டி வலிக்கிற ஒருவர், ஈரத் தரையில், கொதிநீரோடு. இது எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது என்பதை எழுதவே வருத்தமாக இருக்கிறது.

மகள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஷவரில், சுடுநீர். மனைவி இரவு ஒன்பதரைக்குத் தலைக்குக் குளிப்பாள், சுடுநீர், ஷவர். மகன் காலையில் மட்டும் சுடுநீர், மாலையில் விளையாடிவிட்டு வந்து பச்சைத் தண்ணீர். எனக்கு எப்போதும் பச்சைத் தண்ணீர்தான். ஆக, மாடியில் இரண்டு குளியலறைக்கும் சேர்த்து ஒரு நாளில் மூன்று சுடுநீர்க் குளியல், மூன்றும் வேறு வேறு நேரம். அதற்காகச் சீலிங்கில் 68 லிட்டரைச் சூடாக்கி வைத்திருந்தோம். உண்மையில் சுடுநீர் தேவைப்பட்டவர் இருந்தது கீழே.

அடுத்து அளவுகள். அளவு பிடிக்க ஒரு 10 லிட்டர் வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் சமையல் தெர்மாமீட்டரும் போதும். மாடி ஷவரில் 10 லிட்டர் நிரம்ப 3 நிமிடம் 20 நொடி ஆனது, நிமிடத்துக்கு 3 லிட்டர். கீழ்க் குளியலறைக் குழாயில் நிமிடத்துக்கு 8 லிட்டர். வித்தியாசம் உயரத்தால் வருவது. கூரைத் தொட்டியின் அடிக்கும் மாடி ஷவர் தலைக்கும் இடையே 1.4 மீட்டர்தான் இருக்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சுமார் ஒரு பார் அழுத்தம் என்ற கணக்கில், மாடியில் கிடைப்பது 0.14 பார். வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீடுகளில் கீழே தண்ணீர் பாய்வதும் மேலே நூலாக இறங்குவதும் இதனால்தான். தண்ணீரின் சூடு விடியற்காலையில் 27 டிகிரி, மாலை மூன்று மணிக்கு 33. வெயிலில் கூரைக்கடியில் தொட்டியே காய்ந்துவிடுகிறது. மகன் மாலையில் ஹீட்டர் கேட்காததற்குக் காரணம் புரிந்தது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகையையும் பார்த்தேன்.

முதலில் சோலார். பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கிறது, எனக்கும் ரொம்ப நாள் ஆசை. விசாரித்ததில் 300 லிட்டர் அளவுக்கு, மாட்டுக்கூலியோடு 5000 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள். எங்கள் தேவையைக் கணக்குப் போட்டால், மாடியில் மூன்று பேர் ஆளுக்கு 7 நிமிடம், கீழே அம்மாவுக்கு இரண்டு வாளி, தொட்டி ஆறுவதில் வீணாவதையும் சேர்த்து ஒரு நாளைக்கு 2 யூனிட் மின்சாரம். மாதம் 60 யூனிட். 2025 ஜூலையில் வந்த புதுக் கட்டண முறையில் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 44 காசு என்று வைத்தால் மாதம் 27 வெள்ளிக்குள். வெயில் அத்தனையையும் இலவசமாகத் தந்தாலும் போட்ட பணம் திரும்பப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். அதோடு கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் மழைக்காலம். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு விடியற்காலை நான்கு மணிக்குச் சுடுநீர் வேண்டும், முந்தின நாள் முழுக்க மழை பெய்திருந்தால் சோலார் தொட்டியும் மின்சார பூஸ்டரைத்தான் நம்ப வேண்டும். நாற்பது வருடக் கூரை மரத்தில் 300 கிலோ தண்ணீரை ஏற்றவும் எனக்குத் துணிவில்லை. எட்டுப் பத்துப் பேர் இருக்கும் வீட்டுக்கு, உறுதியான கூரை இருந்தால், கணக்கு வேறு மாதிரி வரும்.

கேஸ் ஹீட்டரை உடனே தள்ளிவிட்டேன். எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது நன்றாகக் காற்றோடும் வெளியிடத்தில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளைப் போல நாங்களும் பின்கட்டைக் கூரை போட்டு அடைத்துச் சமையலறையோடு சேர்த்துவிட்டோம். வைக்க இடமில்லை. ஹீட் பம்ப் உண்மையிலேயே நல்ல கருவி. வெளிக்காற்றில் உள்ள சூட்டை எடுத்துத் தண்ணீருக்குத் தருவதால், செலவழிக்கும் மின்சாரத்தைப்போல மூன்று மடங்கு சூடு கிடைக்கும். நம் ஊர் வெப்பத்துக்கு மிகப் பொருத்தம். ஆனால் விலையும் அதன் பருமனும் எங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை.

மிச்சம், தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட், அல்லது சின்ன ஸ்டோரேஜ்.

இன்ஸ்டன்ட் ஹீட்டரில் ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. பெட்டியில் 3.6 கிலோவாட் என்று போட்டிருப்பது 240 வோல்ட்டுக்கு. நமக்கு இப்போது அதிகாரபூர்வ அளவு 230 வோல்ட், அதில் அது 3.3 கிலோவாட்தான். அந்தச் சக்தி மாறாது. தண்ணீர் மெதுவாகப் போனால் அதிகம் சூடாகும், வேகமாகப் போனால் குறைவாகச் சூடாகும். நிமிடத்துக்கு 3 லிட்டர் போனால் 16 டிகிரி ஏறும், 27 டிகிரித் தண்ணீர் 43 ஆகும். பம்ப் வைத்து 4.5 லிட்டராக்கினால் ஏறுவது பத்தரை டிகிரி மட்டும், 37 அல்லது 38-இல் நிற்கும். பம்ப் வேகத்தைத் தருகிறது, சூட்டைத் தருவதில்லை. விடியற்காலையிலும் நம் தண்ணீர் 27 டிகிரியில் இருப்பதால் நாம் பிழைத்தோம். அதிகபட்ச வேகத்தில் கொதிக்கக் கொதிக்க வரும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

அம்மாவுக்கு இன்ஸ்டன்ட் சரிவராது என்பதும் இதே கணக்கில் தெரிந்தது. நிமிடத்துக்கு 3 லிட்டரில் 20 லிட்டர் வாளி நிரம்ப ஏழு நிமிடம். அதுவரை அம்மா ஈரத்தில் நிற்க வேண்டும். வேறு யாராவது குழாயைத் திறந்தால் சூடும் ஏறி இறங்கும். 25 லிட்டர் ஸ்டோரேஜ் என்றால் 60 டிகிரித் தண்ணீர் தயாராக இருக்கும். பச்சைத் தண்ணீர் கலந்து 42 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கணக்குப்படி 55 லிட்டர், தொட்டிக்குள்ளேயே குளிர்நீர் வந்து கலப்பதைக் கழித்தால் 45. இரண்டு வாளி, அதுவும் சில நிமிடத்தில். மாடிக்குப் பம்ப் வைத்த இன்ஸ்டன்ட், கீழே அம்மாவுக்கு 25 லிட்டர் ஸ்டோரேஜ் என்று மனதில் முடிவாகிவிட்டது.

வாங்கும் முன் வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன். சுருஹான்ஜாயா தெனாகா, அதாவது மலேசிய எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் வைத்திருப்பவர், எங்கள் அப்பாவுக்கும் தெரிந்தவர். குழாய் வேலையை நானே செய்வேன். மின்சார வேலையில் கைவைக்க மாட்டேன், வைக்கவும் கூடாது.

அவர் ஹீட்டரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நேராக டி.பி. பாக்ஸைத் திறந்தார். “தம்பி, இது 40 ஆம்பியர், 100 மில்லி” என்றார். வீட்டுக்கு மொத்தமாக ஒரே ஈ.எல்.சி.பி. (மின்சாரம் கசிந்தால் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவி), 100 மில்லி ஆம்பியர் கசிந்தால்தான் விழும் வகை. பழைய வீடுகளில் இது சாதாரணம். ஆனால் 10 மில்லி ஆம்பியர் உடம்பில் பாய்ந்தாலே பிடித்த பிடியை விட முடியாமல் தசை இறுகிவிடும். 30-ஐத் தாண்டினால் இதயத்துக்கே ஆபத்து. 100 மில்லி ஆம்பியர் கருவி முக்கியமாக வீடு தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், குளிக்கும் ஆளைக் காப்பாற்ற அது போதாது. தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத கருவி வேண்டும் என்று 1994 மின்சார ஒழுங்குமுறை விதிகளே சொல்கின்றன என்றார்.

பிறகு சீலிங்குக்குள் ஏறினார். சற்று நேரம் சத்தமே இல்லை. “நீயே ஏறிப் பாரு” என்றார். பழைய ஹீட்டருக்குப் போன வயரில் பச்சைக் கம்பி, அதாவது எர்த், வெட்டப்பட்டு நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. 2015-இல் சீலிங் பலகை மாற்ற வந்தவர்கள் ஹீட்டரை இறக்கி ஏற்றினார்கள். அப்போது நீளம் பற்றாமல் வெட்டி, அப்படியே விட்டிருக்க வேண்டும். பத்து வருடம். அம்மா, மனைவி, பிள்ளைகள் இருவர், எல்லாரும் எர்த் இல்லாத ஹீட்டரின் கீழே நனைந்துகொண்டு நின்றிருக்கிறோம். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

“ஈ.எல்.சி.பி. டெஸ்ட் பட்டனை நான் மாசாமாசம் அமுக்கிப் பாப்பேனே அண்ணே, விழுமே” என்றேன். அவர் சொன்ன பதிலை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டன் கருவிக்குள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கி, கருவி விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. எர்த் வயர் ஹீட்டர்வரை போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எர்த் இருந்தால், எலிமென்ட் கசிந்த உடனே மின்சாரம் எர்த் வழியாக ஓடும், கருவி விழுந்துவிடும், யாரும் தொடவே வேண்டியதில்லை. எர்த் இல்லாவிட்டால் கசிந்த மின்சாரம் தொட்டியிலேயே காத்திருக்கும். ஓட ஒரு வழி கிடைப்பது யாராவது குழாயைத் தொடும்போதுதான். அந்த வழி அவர் உடம்பு. மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் எர்த் இருக்கிறதா என்று தெரியும். வீட்டில் பழைய ஹீட்டர் இருந்தால், அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரு வயர்மேனை வரவழைத்து இந்த ஒன்றை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

வீட்டு மெயின் 40 ஆம்பியர்தான் தாங்கும் என்பது எங்கள் தேர்வையும் கட்டுப்படுத்தியது. இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒன்று 14.3 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகவே கூடாது என்பது இதனால்தான். மனைவியின் ஆசைப்படி மாடியில் இரண்டு குளியலறைக்கும் ஒவ்வொன்று வைத்தால் 29 ஆம்பியர், அம்மாவின் 1.5 கிலோவாட் ஸ்டோரேஜ் ஆறரை ஆம்பியர், இரண்டு ஏர்கான், கெட்டில், ரைஸ் குக்கர். ஒரே நேரத்தில் எல்லாம் ஓடினால் மெயின் தாங்காது. ஆகவே மாடியில் ஒன்றே ஒன்று, பிள்ளைகளும் மனைவியும் பயன்படுத்தும் பொதுக் குளியலறையில். எங்கள் அறையை ஒட்டிய குளியலறையில் பச்சைத் தண்ணீர் மட்டும்.

அண்ணன் ஒன்றரை நாள் வேலை செய்தார். டி.பி. பாக்ஸிலிருந்து ஒவ்வொரு ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் புது வயர், மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி., இரண்டுக்கும் சேர்த்துத் தனியாகக் கசிவைப் பிடிக்கும் 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., குளியலறைக்கு வெளியே, இரண்டு கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கும், விளக்கு எரியும் 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச். ஹீட்டருக்கு மட்டும் தனிக் கருவி வைத்ததில் இன்னொரு நன்மை உண்டு. நம் ஊர் இடிமின்னல் எல்லாருக்கும் தெரியும். 10 மில்லி ஆம்பியர் கருவி நுணுக்கமானது, மின்னலுக்கு விழுந்தாலும் ஹீட்டர் மட்டும்தான் நிற்கும், ஃபிரிட்ஜில் உள்ள சாமான் கெடாது. கடைசியில் சோதனைக் கருவி வைத்துப் பார்த்தார், 30 மில்லி நொடிக்குள் விழுந்தது. வயரும் கருவிகளும் கூலியும் சேர்ந்து 700 வெள்ளியைத் தாண்டியது. எந்த ஹீட்டரின் விலையைவிடவும் இதுதான் அதிகம். நான் செலவழித்ததில் மிக நல்ல செலவும் இதுதான்.

ஹீட்டர் வாங்கப் புடு பக்கம் ஜாலான் பாசாருக்குப் போனேன். “பம்ப் ஆடா? பம்ப் தக் ஆடா?” (பம்ப் உள்ளதா, இல்லாததா?) என்பதுதான் தவுக்கேயின், அதாவது கடை முதலாளியின், முதல் கேள்வி. ஜோவன், அல்ஃபா, பனாசோனிக் என்று சுவர் முழுக்க மாட்டி வைத்திருந்தார். நான் பார்த்தவை கொஞ்சம்தான். மலேசியத் தரச் சான்றான சிரிம் ஸ்டிக்கர் இருக்கிறதா, தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சல்லடையைக் கையாலேயே கழற்ற முடியுமா, பம்ப் சத்தம் எப்படி. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஓடப்போகிறது, பக்கத்து அறையில் மகன் தூங்குவான். அதற்காகச் சத்தம் குறைந்த டி.சி. பம்ப் வைத்ததை எடுத்தேன், 640 வெள்ளி. ஸ்டோரேஜில் ஆனோட் கம்பியைக் கழற்றும் வழி எப்படி என்று கேட்டேன். சிலவற்றில் அடித்தட்டை முழுதாகத் திறக்க வேண்டும், எலிமென்டும் கூடவே வரும். ஆனோடுக்குத் தனித் திருகு உள்ளதை எடுத்தேன், 520 வெள்ளி. வாரண்டி அட்டையையும் நிதானமாகப் படித்தேன். பெரிதாகப் போட்டிருந்த 5 வருடம் எலிமென்டுக்கு மட்டும், மற்றவற்றுக்கு 1 வருடம்.

மாட்டும் வேலையில் இரண்டு தவறு நடந்தது. 25 லிட்டர் நிரம்பினால் தொட்டியோடு 35 கிலோ வரும், செங்கலில்தான் போல்ட் போக வேண்டும். முதல் துளை பழைய குழாய்க்காக வெட்டிப் பூசிய இடத்தில் விழுந்துவிட்டது, போல்ட் இறுகவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. சுவரைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு 15 சென்டிமீட்டர் தள்ளி மறுபடி துளைத்தேன். இரண்டாவது, சுடுநீர்ப் பக்கத்துக்குக் கையில் இருந்த வெள்ளை பி.வி.சி. குழாயைப் போடப் போனேன். மச்சான்தான் நிறுத்தினார். அது பச்சைத் தண்ணீருக்கு மட்டும், 60 டிகிரியில் இளகிவிடும். செம்புக் குழாய் வாங்கி வந்து போட்டோம்.

குளிர்நீர் நுழையும் இடத்தில் சேஃப்டி வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு சின்னக் குழாயைத் தரை வடிகாலுக்கு விட்டேன். 25 லிட்டர் தண்ணீர் 27-இலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு லிட்டர் அளவுக்கு விரியும், அந்தத் தண்ணீர் இது வழியாகச் சொட்டும். ரிப்பேர் என்று நினைத்து அதை அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறும். மாடியில் பம்ப் வைத்த ஹீட்டர் கூரைத் தொட்டித் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கிறது. தெருவிலிருந்து வரும் மெயின் குழாயிலிருந்து நேராகப் பம்ப் வைத்து இழுக்கக் கூடாது.

முதல் நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். 1.5 கிலோவாட்டில் 60 டிகிரிக்கு 38 நிமிடம் என்பது கணக்கு, விளக்கு அணைய 41 நிமிடம் ஆனது. சூட்டை 60-க்குக் கீழே வைக்க நான் விரும்பவில்லை, வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். ஆனால் 60 டிகிரி நீர் வயதானவர் தோலைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும். அதனால் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே, சூட்டைப் பார்த்துப் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் வால்வு ஒன்றை வைத்து 41 டிகிரிக்குத் திருப்பினேன்.

அம்மாவுக்குத் திருப்தியில்லை. வாளியில் கைவிட்டுப் பார்த்துவிட்டு, “ஐயா, இது சுடவே இல்லையேப்பா. வெந்நீர்னா ஆவி பறக்க வேணாமா?” என்றார். கெட்டில் தண்ணீரையே மறுபடி கேட்டுவிடுவாரோ என்று பயம் வந்தது. ஒரு வாரம் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, 43-இல் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். உட்கார்ந்து குளிக்க பிளாஸ்டிக் முக்காலியும் சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்தேன். கெட்டில் இப்போது தேத்தண்ணிக்கு மட்டும்தான்.

அக்டோபர் 20, தீபாவளி. முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிய மழை இரவு முழுக்க விடவில்லை. தம்பி குடும்பமும் வந்திருந்தது, ஒன்பது பேர். மூன்றரைக்கே அம்மா எழுந்து எல்லாருக்கும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். கீழே வாளியில் இரண்டு பேர் குளித்ததும் தொட்டி மறுபடி சூடாக விட்டோம், அதற்குள் மாடி ஷவரில் மூன்று பேர். இரண்டும் சேர்ந்து ஓடும்போது 21 ஆம்பியர். ஏர்கான்களை நிறுத்தி வைத்திருந்தேன். ஆறு மணிக்குள் ஒன்பது பேரும் குளித்துப் புதுத்துணி உடுத்திவிட்டோம்.

நவம்பரில் இரண்டு நாள் தண்ணீர்த் தடை. தண்ணீர் திரும்பி வந்த மறுநாள் மாடி ஷவர் பாதியாக இறங்கியது. சல்லடையைக் கழற்றினேன், செம்மண் சேறாக அப்பியிருந்தது. பழைய பல் தேய்க்கும் தூரிகையால் கழுவி மாட்டியதும் சரியாகிவிட்டது. இனி ஒவ்வொரு தடைக்குப் பிறகும் அது மகன் வேலை என்று சொல்லிக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. சீலிங்கில் பழைய ஹீட்டர் இருந்த உத்திரத்தின் ஒரு முனை ஊறிப்போயிருக்கிறது, பள்ளி விடுமுறையில் மாற்ற வேண்டும். அப்பாவின் எழுத்து இருப்பது மறுமுனையில், அதை வெட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் ஹீட்டர் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மாட்டிய தேதியை எழுதியிருக்கிறேன். அதன் கீழே: ஆனோட் பார்க்க வேண்டியது, 10-2027.